கையைக் கட்டிப்போட்டதால்தான் தோற்றோமா?

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் தினமும் கடந்து போகும் ராஜீவ் காந்தி நினைவிடத்துக்குப் பின்னால் ஒரு போரின் கதை இருக்கு. 1987-ல் அவர் இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையின் கதை.

"அரசியல்வாதிங்க கையைக் கட்டிப்போட்டாங்க, இல்லேன்னா ஜெயிச்சிருப்போம்." வியட்நாம் பற்றி அமெரிக்காவில் பலரும் சொல்வது இது. அமைதிப்படை பற்றி இங்கேயும் அதே பேச்சுதான்.

கட்டுப்பாடு இருந்தது உண்மை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போன படைக்குப் போர் விமானக் குண்டுவீச்சு அனுமதி கிடையாது, பீரங்கிக்கும் வரம்பு. ஆனாலும் அந்த மாதமே நகரம் கைக்கு வந்துவிட்டது. அந்த வரம்பு மக்களையும் காப்பாற்றவில்லை. அக்டோபர் 21-ல் யாழ் ஆஸ்பத்திரிக்குள் படையினர் சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் செத்தார்கள்.

அப்போ எங்கே தப்பு? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள், புலிகள் இல்லை. தமிழர்களுக்குக் காவலாகப் போன படை, சில மாதங்களில் புலிகளோடு போரிட்டது. 1989-ல் பிரேமதாசா வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் திரும்பியபோது சுமார் 1,200 வீரர்கள் உயிரோடு இல்லை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவும் கொல்லப்பட்டார்.

கொரியாவில் ட்ரூமனும் கையைக் கட்டினார்தான். சீனாவுக்கும் போரைக் கொண்டுபோக நினைத்த மெக்ஆர்தரை 1951 ஏப்ரலில் பதவி நீக்கினார். ஆனால் போர் எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

எந்த ஆயுதம் கூடாது என்று டெல்லி சொன்னது. எதற்காகச் சண்டை, எப்போது முடியும் என்பதைத்தான் சொல்லவில்லை.