லினக்சை வாசலிலேயே மடக்கிய "காவலாளி"! இரட்டைக் குடித்தன லேப்டாப்புகள் தவிப்பு

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்றால் வாசல் கதவுக்குத் தகராறு வராமல் இருக்குமா? லேப்டாப்பிலும் அதே கதைதான்!

ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ், படிப்புக்கும் புரோகிராமுக்கும் லினக்ஸ் என்று ஒரே லேப்டாப்பில் இரண்டையும் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவர்களில் பல பேர், பல நாடுகளில், ஒரே சமயத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கறுப்புத் திரை

ஆகஸ்டு 13-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. மைக்ரோசாப்ட் கம்பெனி வழக்கமான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. விண்டோஸ் எப்போதும் போல ஓடியது. லினக்சுக்கு மாறப் போனவர்களுக்குத்தான் அதிர்ச்சி!

"ஏதோ பெரிய தப்பு நடந்து விட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. லேப்டாப் தானாக அணைந்தது. மறுபடி போட்டாலும் அதே வரிதான். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எல்லாமே மாட்டிக் கொண்டன.

நடந்தது என்ன?

லேப்டாப்பில் "செக்யூர் பூட்" என்று ஒரு காவலாளி உண்டு. நம்பகமான புரோகிராமா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார். லினக்சைத் தொடங்கி வைக்கும் "கிரப்" என்ற புரோகிராமில் ஒரு ஓட்டை இருப்பது 2022-ல் தெரிய வந்தது. அந்தப் பழைய சரக்கை உள்ளே விடாதே என்று அப்டேட் மூலம் காவலாளியிடம் பட்டியல் கொடுக்கப்பட்டது.

இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்புக்கு இந்தப் பட்டியல் போகாது என்றுதான் மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. ஆனால் பல லேப்டாப்புகளில் பக்கத்துக் குடித்தனம் அதன் கண்ணில் படவில்லை. விளைவு, லினக்ஸ் வாசலோடு நின்றது!

தப்பிய வழி

பயாசுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். லினக்சைத் திறந்து, "மோக்யூட்டில்" என்ற கருவியால் அந்தப் பட்டியலை அழிக்கும்படி உத்தரவு போட வேண்டும். இன்னொரு தடவை ரீஸ்டார்ட் செய்து லினக்சுக்குள்ளேயே போக வேண்டும். லினக்சுக்கும் புது அப்டேட் போட்டுவிட்டு, காவலாளியை மறுபடி வேலைக்கு வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

உஷார்!

செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. "பிட்லாக்கர்" பூட்டு போட்ட லேப்டாப் என்றால், அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் விண்டோசும் அம்போ! முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வில்லன் "பாஸ்ட் ஸ்டார்ட்அப்". ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரம் லினக்சிலிருந்து விண்டோஸ் பைல்களைத் திருத்தப் போனால் சிக்கல்தான். அதை நிறுத்தி வைப்பது நல்லது.

2025-ம் ஆண்டு மே மாத அப்டேட்டில் மைக்ரோசாப்ட் இந்தக் கோளாறைச் சரி செய்தது. அதற்குள் 9 மாதம் ஓடிவிட்டது.

கறுப்புத் திரையைக் கண்டதும் பதறிப்போய் "பார்மட்" அடிப்பதுதான் பெரிய ஆபத்து. இந்தத் தகராறில் பைல்கள் எங்கேயும் போகவில்லை. பூட்டியது வாசல் கதவு மட்டும்தான். வீட்டுக்குள் சாமான் அப்படியே இருந்தது!