ஆறில்லாத மேட்டில் எழுந்த நகரம்

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மீது அமைந்த ஊர். முகட்டின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே பெய்வது தென்பெண்ணையில் கலந்து கடலூர் அருகே கடல் சேர்கிறது. ஊருக்கென்று பேராறு கிடையாது.

அப்படிப்பட்ட ஊர் எதை நம்பி வளரும் என்பதற்குத் தென்கிழக்காசியாவின் பழைய அரசுகள் இரு வழிகளைக் காட்டுகின்றன. கம்போடியாவின் அங்கோர் நெல்லையும் நீர்த்தேக்கத்தையும் நம்பியது; அங்கே 11ஆம் நூற்றாண்டில் கரை கட்டிய மேற்கு பாராய் ஏரியின் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். சுமத்ராவின் ஸ்ரீவிஜயமோ மலாக்கா நீரிணையில் போய்வரும் கப்பல்களால் செழித்தது. பெங்களூர் மேட்டில் காலூன்ற நினைத்தவர்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தன: குடிக்கவும் பயிரிடவும் ஏரி, வருவாய்க்கு வணிகப் பாதை.

ஊரின் கதையை, 16ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டிய கெம்பே கௌடரிடம் தொடங்குவது வழக்கம். அது போதாது. கங்கர் காலத்துப் பேகூர் நடுகல், கி.பி. 890 வாக்கிலேயே பெங்களூரில் நடந்த ஒரு சண்டையைக் குறிப்பிடுகிறது. 1004 வாக்கில் சோழர்கள் கங்கரின் நாடான கங்கவாடியைப் பிடித்தபின் தமிழ்க் கல்வெட்டுகள் இந்தப் பகுதியில் பெருகின. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். ஒய்சள அரசன் இராமநாதனின் பெயரும் அங்கே வருகிறது. சோழ, ஒய்சள ஆட்சிகளுக்குத் தமிழ்ச் சமவெளியும் மைசூர்ப் பீடபூமியும் தொடர்ச்சியான ஒரே நிலம்தான். இன்றைய மாநில எல்லையை வைத்து அந்தக் காலத்தைப் பார்த்தால் இது விளங்காது.

1537இல் கெம்பே கௌடர் மண்கோட்டை கட்டி, பேட்டை எனப்படும் வணிக ஊரை வகுத்தபோது, அந்த இடத்தின் பலம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கோட்டை வாயில்கள் அல்சூர், எலகங்கா, ஆனேக்கல், கெங்கேரி என்று அவை பார்த்த ஊர்களின் பெயரையே தாங்கின. கிழக்கே முளுபாகல் வழியாகக் காஞ்சிபுரம் பக்கமும், தெற்கே ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் பக்கமும் பாதைகள் இறங்கின. மேற்கே ஸ்ரீரங்கப்பட்டணம், வடக்கே சிரா. பொதிமாடுகள் கொண்டுவந்த சரக்குக்கு ஏற்பத் தெருக்கள் பிரிந்தன: பருத்திக்கு அரளேபேட்டை, அரிசிக்கு அக்கிபேட்டை, தானியத்துக்குத் தரகுபேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை. இந்த நெரிசலுக்குத் தண்ணீர் தந்தவை தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி ஏரிகள். தர்மாம்புதி இருந்த இடத்தில்தான் இன்றைய மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது.

பாதைகள் கூடும் இடத்தை எந்த அரசும் பிறர் கையில் விட்டுவைக்காது. 1638இல் பீஜப்பூர்ப் படை ஊரைக் கைப்பற்ற, அது மராட்டிய மன்னர் சிவாஜியின் தந்தை ஷாஜியிடம் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயர் வசம் போய், பிறகு மைசூரின் சிக்கதேவராஜ உடையாரிடம் சேர்ந்தது; அவர் கொடுத்த விலை மூன்று லட்ச ரூபாய் என்பர். 1791இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் முதலில் தாக்கியது பேட்டையைத்தான். கோட்டை அதன் பிறகே விழுந்தது.

1809இல் ஆங்கிலேயர் தங்கள் படைக் குடியிருப்பான கண்டோன்மென்ட்டை அல்சூர் ஏரியை ஒட்டி, சென்னையை நோக்கிய கிழக்குப் பக்கத்தில் அமைத்தார்கள். தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் பெருமளவில் குடியேறியது அங்கேதான். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் ரயில் பாதையும் கண்டோன்மென்ட்டுக்கே வந்து சேர்ந்தது.