சப்மிட் கொடுத்தால் வேலை முடிந்ததா?

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் என் அத்தையிடமிருந்து போன். அவர் மகன் அப்போது ப்ளஸ் டூ. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதற்காகவே வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். "காலேஜிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நீ கம்ப்யூட்டர் வேலையில்தானே இருக்கே, கொஞ்சம் வந்து பாரேன்டா" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஜிமெயில் இன்பாக்ஸில் எதுவும் இல்லை. ஸ்பேம் போல்டரைத் திறந்தால், ஒரு கல்லூரியின் மெயில் அங்கே உட்கார்ந்திருந்தது. அரையாண்டு மதிப்பெண் இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தார்கள். மெயில் வந்து 24 நாட்கள் ஆகியிருந்தன. ஸ்பேமில் விழும் மெயில்களை ஜிமெயில் 30 நாட்களில் தானாகவே அழித்துவிடும். இன்னும் ஆறு நாள் கழித்து அத்தை கூப்பிட்டிருந்தால், அப்படி ஒரு மெயில் வந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

"அதான் ஜனவரியிலேயே சப்மிட் கொடுத்துட்டேனே!" என்றான் பையன். அவனைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர். சப்மிட் கொடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

எதற்கு மறுபடியும் மதிப்பெண்?

விண்ணப்பம் போவது நவம்பரிலோ ஜனவரியிலோ. அப்போது பள்ளியின் கடைசி ஆண்டு பாதிதான் முடிந்திருக்கும். கல்லூரியின் கையில் இருப்பது முந்தைய வகுப்புகளின் மதிப்பெண்களும், இந்த ஆண்டு படிக்கும் பாடங்களின் பட்டியலும்தான். பெரும்பாலான கல்லூரிகள் முடிவை அறிவிப்பது மார்ச் இறுதி வாக்கில். அதற்குள் அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துவிட விரும்புகிறார்கள். இடம் கொடுத்த பிறகும், ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் படித்தானா என்று இறுதி மதிப்பெண்ணைக் கேட்பார்கள்.

இதைச் சாதாரணமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. 2017 கோடையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம், ஏற்கெனவே இடம் கொடுத்திருந்த 499 மாணவர்களின் சேர்க்கையை ரத்து செய்தது. அவர்களில் 290 பேருக்கு மதிப்பெண் சான்றிதழ் தொடர்பான சிக்கல், மற்றவர்களுக்குக் கடைசி ஆண்டு மதிப்பெண் குறைவு. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு, சான்றிதழ் சிக்கலில் மாட்டியவர்களைத் திரும்பச் சேர்த்துக் கொண்டது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

யார் அனுப்ப வேண்டும்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வழி உண்டு.

1. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் அரையாண்டு அறிக்கை, இறுதி அறிக்கை என்று தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. இவற்றை மாணவர் அனுப்ப முடியாது. பள்ளியின் கவுன்சிலர்தான் அனுப்ப வேண்டும். நம் ஊரில் பல பள்ளிகளில் கவுன்சிலர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தலைமை ஆசிரியரோ, பொறுப்பான ஓர் ஆசிரியரோ அந்த வேலையைச் செய்யலாம். அவருக்கு இது புதிதாக இருக்கும். எனவே பக்கத்தில் இருந்து விளக்குங்கள். ஆனால் அவருடைய பாஸ்வேர்டை வாங்கி நீங்களே அனுப்பிவிடாதீர்கள்.

2. எம்.ஐ.டி. போன்ற இடங்களில் முறை வேறு. அங்கே பிப்ரவரியில் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இருக்கிறது. அரையாண்டு மதிப்பெண்ணை மாணவரே அதில் டைப் செய்ய வேண்டும்.

3. கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. மாணவர் எழுதியதை நம்பி இடம் கொடுத்துவிட்டு, சேருபவர்களிடம் இறுதிச் சான்றிதழைக் கேட்கிறது. வழக்கமான கெடு ஜூலை 1.

நீங்களே டைப் செய்யும்போது, பள்ளி கொடுத்த எண்ணை அப்படியே போடுங்கள். 100-க்கு 87 என்றால் 87 தான். அமெரிக்க முறையில் 4 புள்ளிக்கு எவ்வளவு என்று நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

போர்ட்டலைத் திறந்து பாருங்கள்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், கல்லூரி தன் போர்ட்டலுக்கான லாகின் விவரத்தை இ-மெயிலில் அனுப்பும். உள்ளே போனால் ஒரு பட்டியல் தெரியும். எது வந்தது, எது வரவில்லை என்று அதில் இருக்கும். வாரம் ஒரு முறையாவது பாருங்கள். பள்ளி அனுப்பிய மறுநாளே "வந்தது" என்று காட்டாது. சில நாட்கள் ஆகலாம். இரண்டு வாரம் ஆகியும் மாறவில்லை என்றால் கல்லூரிக்கு மெயில் எழுதிக் கேளுங்கள்.

ஸ்பேம் போல்டரையும் மறக்க வேண்டாம். கல்லூரி மெயில் அங்கே இருந்தால், அதைத் திறந்து "ஸ்பேம் அல்ல" என்பதைக் கிளிக் செய்யுங்கள். கல்லூரியின் முகவரியைக் கான்டாக்ட்ஸில் சேர்த்துக் கொள்வதும் நல்லது.

ஸ்கேன் செய்யும்போது

மதிப்பெண் பட்டியலை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைலாகச் சேமியுங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே பைலில் இருக்கட்டும். பைலின் பெயரில் மாணவர் பெயர், விண்ணப்ப எண், தேர்வின் பெயர் மூன்றும் இருந்தால், அங்கே இருப்பவர்களுக்குத் தேட வேண்டிய வேலை இல்லை. அனுப்பும் முன் ஒரு முறை திறந்து, முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

வேறு என்ன சொல்லலாம்?

மாநில அளவில் பரிசு, புதிய பொறுப்பு, முடித்த ப்ராஜெக்ட் போன்றவற்றைச் சொல்லலாம். போர்ட்டலில் அதற்கு இடம் இருந்தால் அங்கேயே ஏற்றுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். வாரா வாரம் ஒரு மெயில் தட்டுவது உதவாது. கூடுதலாக எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் அனுப்பாதீர்கள்.

மதிப்பெண் குறைந்துவிட்டால்? பாடத்தை மாற்றிக் கொண்டால்? மறைக்க வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் இத்தகைய மாற்றங்களைத் தெரிவிக்கும்படி கேட்கிறது. உடல்நலக் குறைவு போன்ற காரணம் இருந்தால் நான்கு வரியில் எழுதுங்கள். எப்படியும் இறுதிச் சான்றிதழில் தெரியப் போகிறது. அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மேல்.

அத்தை மகன் மறுநாளே தலைமை ஆசிரியரைப் பார்த்தான். அவரும் அன்றே அரையாண்டு அறிக்கையை அனுப்பினார். ஒன்பதாம் நாள் போர்ட்டலில் "வந்தது" என்று மாறியது. மார்ச் இறுதியில் இடமும் கிடைத்தது. மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது, இறுதி அறிக்கைக்காக அவனே பள்ளிக்குப் போனான். ஜூனில் எனக்குப் போன் செய்து, "அண்ணா, இதுவும் வந்துடுச்சுன்னு காட்டுது" என்றான்.

சப்மிட் கொடுத்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே அரையாண்டு அறிக்கைக்கும் இறுதி அறிக்கைக்கும் இன்னும் இரண்டு தேதிகளைக் குறித்துக் கொள்ளுங்கள். குறித்த கையோடு ஸ்பேம் போல்டரையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.