மொய் நோட்டும் நமக்கு ஒரு பாஸ்புக்தான்



சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் தை, மாசியில்தான் பத்திரிகைகளும் வீடு தேடி வருகின்றன. நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, பிள்ளை பார்க்கப் போவது என்று ஒரே மாதத்தில் நாலைந்து விசேஷம். "போகாம இருக்க முடியாது, போனா வெறுங்கையோட போக முடியாது" என்று நீங்கள் சொல்வதை நாங்கள் கூட்டந்தோறும் கேட்கிறோம். அதனால் இந்த மாதம் சீர், மொய் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு உறுப்பினரின் கதை. அவருடைய கணவர் இருந்தவரை எந்த விசேஷத்தையும் விட்டதில்லை. மொய்ப் பணத்தில் பாதி, அந்த அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சம்பாதித்தது. திடீரென்று கணவர் இறந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணம் வைத்தார். "யாரு யாருக்கு எவ்வளவு செஞ்சோம்னே எனக்குத் தெரியல. நோட்டு எங்க இருக்குன்னும் தெரியல" என்று அழுதார். நிறையப் பேருக்குப் பத்திரிகையே போகவில்லை. வர வேண்டிய மொய் வரவில்லை. கல்யாணக் கடன் மட்டும் நின்றுவிட்டது.

மொய் இனாம் இல்லை

நம் வீட்டுக் காதுகுத்துக்கு ஒருவர் 500 ரூபாய் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் 1,000 எழுதுகிறோம். அதில் 500 நாம் திருப்பிய கடன். மீதி 500 நாம் புதிதாகக் கொடுத்தது. அது நமக்கு வர வேண்டிய பாக்கி. மொய்க்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நம்பிக்கையும் நோட்டும்தான் சாட்சி.

இது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பதற்கு நம் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் நடக்கும் மொய் விருந்தே உதாரணம். கல்யாணம் நடக்காத ஆடி மாதத்தில், மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, நோட்டு போட்டு எழுதுவார்கள். அந்தப் பணத்தில் தொழில் தொடங்கியவர்களும் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு.

ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து அந்தப் பகுதித் தென்னைகள் சாய்ந்தன. 2020-இல் கொரோனா வந்தது. மொய் வாங்க வேண்டியவருக்கும் கஷ்டம், திருப்பிச் செய்ய வேண்டியவருக்கும் கஷ்டம். ஊரே ஒன்றாக விழும்போது மொய் மட்டும் நம்மைத் தூக்கி நிறுத்தாது. ஆகவே மொய் வந்து கடனை அடைத்துவிடலாம் என்று நம்பிப் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள்.

மொய் செய்வதற்காக வட்டிக்கு வாங்குவதும் வேண்டாம். 5,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 250, வருடத்துக்கு 3,000 வட்டி மட்டும் போகும். திரும்பி வரும் மொய்யில் அந்த வட்டி வராது. முடியாதபோது முன்கூட்டியே போய், "இப்ப கையில இல்லக்கா, அறுப்பு முடிஞ்சு செய்யுறேன்" என்று சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாளே போய்க் காய் நறுக்கிக் கொடுப்பதும் ஒரு சீர்தான்.

நோட்டு எழுதும் முறை

குழுவின் வரவு செலவை எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. வீட்டில் ஒரே நோட்டு வையுங்கள். ஒரு பக்கம் நமக்கு வந்தது, எதிர்ப்பக்கம் நாம் செய்தது. தேதி, விசேஷம், பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கட்டும். அண்டா, குத்துவிளக்கு, மோதிரம் என்று பொருளாகக் கொடுத்தாலும் எழுதுங்கள்.

இன்னொன்று. மொய் எழுதுகிற இடத்தில் வீட்டுக்காரர் பெயர்தான் பெரும்பாலும் ஏறுகிறது. கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டும்போதும் அப்படியே. உங்கள் கூலிப் பணமும் அதில் இருக்கிறது. உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கேட்டு வாங்கினால் அது சீர் இல்லை

நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வரிசையில் பழம், பூ, புடவை வைப்பது வழக்கம். பிறகு ஆடிச் சீர், தலை தீபாவளி, தலைப் பொங்கல். இதெல்லாம் நம் சந்தோஷத்துக்கு, நம் சக்திக்குள் செய்வது. "இத்தனை பவுன் போடுங்க, வண்டி வாங்கிக் கொடுங்க" என்று எதிர்த்தரப்பு கேட்டுவிட்டால் அதற்குப் பெயர் வரதட்சணை.

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி அதை வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம். குறைந்தது 5 வருடம் சிறைத் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், அவர் சொன்னதை வைத்து அவர் மேலேயே இந்தச் சட்டப்படி வழக்குப் போட முடியாது. பயப்பட வேண்டாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகலாம், அல்லது 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

யாரும் கேட்காமல் நாமாகக் கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், சுமாரான மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு என்று எழுதிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்த பொருட்களின் பட்டியல் பெண்ணிடம்தான் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால், "இது என் நகை" என்று அவள் சொல்வதற்கு அந்தத் தாள் துணை நிற்கும்.

பிள்ளை பார்க்கப் போகும்போது

சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவ வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

பால் டப்பா, பால் பாட்டில் வாங்கிப் போவதைவிட மெல்லிய பருத்தித் துணி, கொசுவலை நல்லது. பெற்றவளை மறந்துவிடாதீர்கள். முட்டை, பழம், கீரை, பேரீச்சம்பழம் அவளுக்குத் தேவை. ஆண் பிள்ளைக்கு மோதிரம், பெண் பிள்ளைக்கு ஒரு பெருமூச்சு என்பதும் வேண்டாம். எதைச் செய்தாலும் இரண்டு பேருக்கும் ஒன்றாகச் செய்வோம்.

வளைகாப்புக்குக் கணவனை இழந்த சகோதரிகளையும் கூப்பிட்டு வளையல் போட வையுங்கள். மேலே சொன்ன அம்மாவும் தன் மகள் வளைகாப்பில் ஓரமாக நின்றார். குழுத் தலைவி கையைப் பிடித்து அழைத்துவந்து, "முதல் வளையல் நீங்க போடுங்கக்கா" என்றார். அவர் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

உங்கள் வீட்டு மொய் நோட்டு எங்கே இருக்கிறது? அதில் கடைசியாக எழுதியது யார்? கூட்டத்துக்கு வருவதற்குள் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழு பாஸ்புக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கேள்வி கேட்கிறோமே, நம் உழைப்பு எழுதியிருக்கும் இந்த நோட்டையும் அப்படியே பார்ப்போம்.