நூல் அறுவது யார் குற்றம்?

பஞ்சாலையில் நூல் அறுந்தால் முதலில் அகப்படுபவன் தொழிலாளி. கவனக்குறைவே காரணமென்று மேஸ்திரி எழுதுகிறார், மானேஜர் கையொப்பமிடுகிறார். மறுநாளும் அதே இயந்திரத்தில் நூல் அறுகிறது! தண்டனை கொடுத்தாயிற்று, வியாதியோ தீர்ந்தபாடில்லை.

1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்த காலமுதல் கோயமுத்தூர் அறிந்த சங்கடம் இது. 1930-களில் பைக்காரா மின்சாரத்தால் ஆலைகள் பல்கின. 1956-ல் சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி ஸ்தாபனமும் இந்நகரில் தோன்றிற்று. ஆகவே, காரணத்தை ஆராய வழியில்லையென்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆராய்வது எப்படி? எந்தக் கதிரில், எந்நேரத்தில் நூல் அறுந்தது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா இயந்திரங்களிலும் ஒருங்கே அறுந்தால், பஞ்சுக் கலப்பையும் காற்றின் ஈரப்பதத்தையும் சோதிக்க வேண்டும். ஒரே கதிரில் திரும்பத் திரும்ப அறுந்தால், அக்கதிரையும் அதன் வளையத்தையும் பார்க்க வேண்டும். வளையத்தின்மீது ஓடும் டிராவலர் தேய்ந்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது ஏன் தேய்ந்தது? உரிய நாளில் மாற்றப்படவில்லை. ஏன் மாற்றப்படவில்லை? மாற்றிய தேதியை எழுதிவைக்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை. இப்போது குற்றம் தொழிலாளியின் கையை விட்டு நிர்வாகத்தின் மேஜைக்கு வந்துவிட்டதன்றோ?

ஜப்பானில் ஸகிச்சி டொயோடா என்பவர் நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை உண்டாக்கினார். 1924-ல் பூர்த்தியான அவருடைய தானியங்கித் தறியின் உரிமையை, 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் கம்பெனியாரே விலைகொடுத்து வாங்கினர். லங்காஷயருக்கே தறி கற்பித்தது ஓர் ஆசிய தேசம்! அவர் வழிவந்த டொயோட்டா மோட்டார் கம்பெனியில், பழுது நேர்ந்தால் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்பது வழக்கமாயிற்று.

நம் நாட்டிலும் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், காரணங் காட்டச் சந்தர்ப்பமளியாமல் தொழிலாளிக்கு அபராதம் விதிக்கலாகாதென்று விதித்தது. சாட்சியத்தை விசாரியாமல் தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதியை நாம் ஏற்போமா? ஆலைக்குள் மட்டும் அவ்வழக்கம் எதற்கு?

தொழிலாளியிடம் பிழையே இராதென்று நாம் வாதிக்கவில்லை. அவனிடம் பிழை கண்டாலும், அவனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா, அளவுக்கு மிஞ்சிய கதிர்கள் ஒப்படைக்கப்பட்டனவா என்று கேட்டறிவது முறை. தொழிற்சங்கத் தலைவர்களும் கூலியைப் பற்றிப் பேசுவதுடன் நில்லாமல், நூலறுப்புக் கணக்கைக் காட்டும்படி கோருவார்களாக. அக்கணக்கால் ஆலைக்கு லாபம், உழைப்பவனுக்கு மானம்.