அஞ்சத் தக்க வெண்மை

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியைத்தான் நம் ஊரில் பனி என்கிறோம். அதே பெயர் கொண்ட ஒன்று ஆட்களை உயிரோடு புதைக்கும் என்பதை நான் ஏட்டில் மட்டுமே படித்திருந்தேன். தேசிய மாணவர் படையின் சார்பில், ஒரு பிப்ரவரித் திங்களில் மணாலிக்குப் பயிற்சிக்குச் சென்றபோதுதான் அதன் மெய்யான குணத்தை அறிந்தேன்.

இரண்டு நாள் விடாது பெய்த பனி ஓய்ந்து, வானம் நீலமாகத் தெளிந்திருந்த காலை அது. சோலாங் பள்ளத்தாக்கிற்கு மேலே ஒரு சரிவைக் கடப்பதாக ஏற்பாடு. எங்கள் உஸ்தாத் (பயிற்சி ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) சரிவின் ஓரத்திலேயே நின்று, மண்வாரியால் ஒரு குழி வெட்டினார். அதன் சுவரைக் காட்டி, "படியுங்கள்" என்றார்.

பாறை அடுக்குகளைப் போலவே பனியிலும் அடுக்குகள் இருந்தன. மேலே காற்று அடித்து இறுக்கிய பலகை போன்ற கனத்த அடுக்கு. அடியில் சீனியைப் போன்ற படிகங்கள். அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் வழிந்தன.

இது எப்படி உண்டாகிறது? பனிக்கு அடியிலுள்ள தரை ஏறத்தாழ 0 பாகை சென்டிகிரேடில் இருக்கும். மேலே இரவுக் காற்றோ அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். எனவே அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் கோணல் படிகங்களாக உறைகிறது. பனியின் கனம் குறைவாக இருந்தால் இம்மாற்றம் விரைந்து நடக்கும். இந்த வலுவற்ற அடுக்கின்மேல் புதுப்பனி ஏறினால் என்னவாகும்? களத்தில் பரப்பிய கேழ்வரகின்மேல் பலகையை வைத்துச் சாய்த்துப் பாருங்கள், விடை கிடைக்கும். ஒருவர் மிதிக்கும் பாரமே போதும். சரிவு முழுவதும் பிளந்து புறப்படும். உயிர்ச்சேதம் விளைந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலானவற்றில் சரிவைத் தூண்டியவர்கள் அக்குழுவினரேயாவர்.

செங்குத்தான இடம்தான் ஆபத்து என்று நான் எண்ணியிருந்தேன். அதுவும் தவறு. மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களே பெரும்பாலும் சரிகின்றன. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ 30 பாகைதான்!

உஸ்தாத், "திரும்புவோம்" என்றார். நான்கு மணி நேரம் ஏறி வந்த நாங்கள் முணுமுணுத்தோம். "விடியலில் சென்ற ஒரு குழுவின் தடம் தெரிகிறதே, ஐயா!" என்று முதலில் வாய் திறந்தவன் நானே. "தடம் இருந்தால் பத்திரம் என்று பொருளில்லை. ஒன்பது பேர் கடந்தபின் பத்தாமவன் காலடியிலும் உடையும்" என்றார். திரும்பினோம். அன்று அச்சரிவு சரியவில்லை. அது அவர் பிழையா என்று கேட்டேன். "சரிந்திருந்தால் கேட்க நீ இருந்திருக்க மாட்டாய்" என்று சிரித்தார்.

அச்சிரிப்பின் பொருளை நாட்டு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில், திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்று சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் நம் தமிழகத்தார். ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் எடுக்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11 அன்று உயிர்நீத்தார்.

அவ்வாறு நாள்கணக்கில் உயிர் தங்குவது அரிதினும் அரிது. பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரைமணி கழிந்தால் மூன்றில் ஒருவரே மிஞ்சுவர். சரிந்து நின்ற பனி காரைபோல் இறுகிவிடும். கையை அசைக்கவும் இயலாது. ஆகவே ஊரிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க இயலாது. உடன் வந்தவரே காப்பாற்ற வேண்டும். இதற்காகவே பனிமலைப் பயணிகள் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் சிறு வானொலிக் கருவி, மடக்குக் கழி, மண்வாரி ஆகிய மூன்றையும் சுமக்க வேண்டும் என்பர்.

பனியும் முன்கூட்டியே பேசுவதுண்டு. காலடியில் 'உம்ப்' என்ற ஒலியோடு பனி அமிழ்தல், காலிலிருந்து விரிசல் ஓடுதல், அண்மையில் சரிந்த தடங்கள், ஒரே நாளில் பெய்த பெரும்பனி, காற்று ஒதுக்கிய பனிமேடு, திடீர் வெயில் ஆகியவை அதன் மொழி. ஐயமுள்ள இடத்தைக் கடந்தே தீரவேண்டுமாயின் ஒருவர்பின் ஒருவராக, மற்றவர் பத்திரமான இடத்தில் நின்று பார்த்திருக்கக் கடக்க வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பனிமலை காண்போர் சிலராகவே இருக்கலாம். எனினும் வெற்றிக் கொடியோடு நிற்கும் படங்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, அன்று திரும்பி நடந்த ஆசிரியரின் முதுகே வீரத்தின் வடிவாக நினைவில் நிற்கிறது. அவருடன் சென்ற நாங்கள் பதினால்வரும் அன்றிரவு ஒன்றாக அமர்ந்து உண்டோம்.