ஷோகேஸ்ல எட்டு வருஷம் காத்திருந்த வைன்... காடியா மாறினது ஏன்?

தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கிற என் மாமா வீட்டு ஹால்ல, டி.வி-க்கு மேல ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதுல தஞ்சாவூர் பொம்மை, கபடி கப், அப்புறம் ஒரு ரெட் வைன் பாட்டில். பெங்களூருல வேலை பார்த்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன் எட்டு வருஷத்துக்கு முன்னாடி கொண்டுவந்து கொடுத்தது. மாமா குடிக்கிற ஆளே கிடையாது. ``வைன் பழசாக ஆகத்தான் கண்ணு டேஸ்ட்டு. எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குத் திறப்போம்"னு சொல்லிட்டே இருந்தார்.

அந்த நாளும் வந்துச்சு. கார்க் பொடிப்பொடியா உதிர்ந்தது. டம்ளர்ல ஊத்தினா சிவப்புக்குப் பதிலா பழுப்புக் கலர். அப்புச்சி மோந்து பார்த்துட்டு, ``ஏஞ்சாமி, இது காடியாட்டம் நாறுதே!"ன்னார். அத்தை சிரிச்சுட்டாங்க. மாமா சிரிக்கலை. எட்டு வருஷம் தூசி தட்டிப் பாதுகாத்தவர் ஆச்சே!

தப்பு எங்க நடந்துச்சு? வைனை வருஷக்கணக்குல ஊற வைக்கிறதுன்னா உண்மையில என்ன? இதைப் புரிஞ்சுக்க, கோவையில இருந்து கொஞ்சம் வடக்கே போகணும்.

பெங்களூருக்குப் பக்கத்துல, நந்தி மலை அடிவாரத்துல இருக்கு தொட்டபள்ளாபூர். அங்கே கன்வல் குரோவர்ங்கிற தொழிலதிபர் 1988-ல குரோவர் வைன்யார்ட்ஸைத் தொடங்கினார். நம்ம ஊர் சூட்டுல பிரெஞ்சு திராட்சை வருமான்னு சந்தேகம் இருந்த காலம் அது. பிரான்ஸ்ல இருந்து வைன் வல்லுநர்களை வரவழைச்சார். 90-கள்ல மிஷேல் ரோலான்ங்கிற உலகப் புகழ் ஆலோசகரும் சேர்ந்தார். கன்வலுக்கு அப்புறம் மகன் கபில், அடுத்து அமெரிக்காவில் வைன் படிப்பு முடிச்சுட்டு வந்த பேத்தி கரிஷ்மான்னு மூணு தலைமுறை. 2012-ல நாசிக் கம்பெனி ஒண்ணோட இணைஞ்சு, இப்போ பேர் குரோவர் ஜம்பா. இவங்களோட பேர் சொல்ற சரக்கு `லா ரிசர்வ்'. கேபர்நே சாவின்யோன், ஷிராஸ்னு ரெண்டு திராட்சையைக் கலந்து, பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் ஊற வெச்ச ரெட் வைன். பிரிட்டன்ல வர்ற `டிகான்டர்' இதழ் 2005-ல இதைப் பாராட்டின பிறகுதான், இந்தியாவுலயும் வைனானு வெளிநாட்டுக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க.

ஏன் ரெண்டு பழம்? ஆர்.எஸ்.புரத்துல எந்தக் காபித்தூள் கடைக்குப் போனாலும் ``பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு?"னு கேட்டு அரைச்சுத் தருவாங்கல்ல, அதே கதைதான். கேபர்நே சின்னப் பழம், தோல் தடிமன். அதனால துவர்ப்பு தூக்கலா இருக்கும். வாழைப்பூவைப் பச்சையா மென்னா நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருளைத்தான் டானின்னு சொல்றாங்க. கேபர்நே வாயில முதல்லயும் கடைசியிலயும் பலமா தெரியும், நடுவுல கொஞ்சம் காலியா இருக்கும். அந்த இடத்தை ஷிராஸ் தன்னோட சதைப்பற்றாலயும் மிளகு வாசத்தாலயும் நிரப்பிடும். ஒண்ணோட குறையை இன்னொண்ணு மறைக்குது, அவ்வளவுதான்.

அடுத்தது பீப்பாய். வழக்கமான பிரெஞ்சுப் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். செய்யும்போதே உள்பக்கத்தைத் தீயில வாட்டுவாங்க. வெனிலா வாசம், லேசான புகை வாசமெல்லாம் அங்கிருந்து வர்றதுதான். ஆனா பீப்பாயோட நிஜ வேலை வேற. மரத்தோட நுண்துளை வழியா காத்து ரொம்ப ரொம்பக் கொஞ்சமா உள்ளே போகும். அந்தத் துளி ஆக்சிஜன்தான் டானின்களை ஒண்ணோடொண்ணு கோக்க வைக்குது. கோத்த டானின் நாக்கை அவ்வளவா இழுக்காது. சிலது கனமாகி வண்டலா அடியில தங்கிடும். ஊதா கலந்த சிவப்பு, மெதுவா செங்கல் நிறத்துக்கு வரும். இதுக்கிடையில பீப்பாயில இருந்து கொஞ்சம் வைன் ஆவியாகவும் போயிடும். அதுக்கு `தேவதைகளோட பங்கு'ன்னு பேர் வெச்சிருக்காங்க. சூடான ஊர்ல தேவதைகளுக்குத் தாகம் ஜாஸ்தி. அதனாலதான் பீப்பாய் வைக்கிற அறையைக் குளுகுளுன்னு வெச்சிருப்பாங்க.

இப்போ மாமா வீட்டு ஷோகேஸுக்கு வருவோம். பாட்டில்ல அடைச்ச பிறகு வைனுக்குத் தேவை 12-ல இருந்து 15 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, அசைவில்லாத இடம். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்கணும். அப்பதான் கார்க் நனைஞ்சு உப்பி, காத்தை அடைக்கும். மாமா பாட்டிலை நிக்க வெச்சிருந்தார். மேற்குச் சுவர், சாயங்கால வெயில், ஏப்ரல்ல 35 டிகிரியைத் தாண்டுற சூடு. கார்க் காய்ஞ்சு சுருங்குச்சு. பகல்ல வைன் விரிஞ்சு கார்க்கைத் தள்ள, ராத்திரி சுருங்கி வெளிக்காத்தை இழுக்க... துளித்துளியா போக வேண்டிய ஆக்சிஜன் தாராளமா உள்ளே போயிடுச்சு. ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமா மாத்துற பாக்டீரியாவுக்கு அது விருந்து. அப்புச்சி சொன்ன `காடி' வேதியியல்படி ரொம்பச் சரி!

இன்னொரு விஷயம். பாட்டிலை எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாலும் எட்டு வருஷத்துல எல்லா வைனும் அமிர்தம் ஆகிடாது. உலகத்துல விக்கிற வைன்ல பெரும்பாலானது ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள குடிக்கச் செஞ்சதுதான். டானினும் புளிப்பும் நிறைய இருக்கிற சில வைன்கள் மட்டும்தான் காத்திருந்தா மேம்படும். லேபிள்ல இருக்கிற வருஷம் திராட்சை பறிச்ச வருஷம். அது தங்கம் மாதிரி ஏறிக்கிட்டே போற மதிப்பு இல்லை.

இதெல்லாம் விளக்கினதும் மாமா கேட்ட கேள்விதான் என்னை மடக்கிடுச்சு. ``அப்ப நம்ம பன்னீர்ப் பழத்துல ஏன் கண்ணு இப்படிச் செய்ய மாட்டேங்கறாங்க?" தீத்திபாளையம், குப்பனூர்ப் பக்கம் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கிறதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். விலை சரிஞ்ச வருஷங்கள்ல, பறிக்கிற கூலி கட்டாம பழம் பந்தல்லயே கிடந்ததையும் பார்த்தவர். வைன் ஆகும்னா அது வெறும் ருசி விஷயமில்லை, ஒரு குடும்பத்தோட வருமானம்.

பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்னு பேர். கம்பம் பள்ளத்தாக்குல விளையறதுக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. வைன் பண்ணலாம், பண்றாங்க. ஆனா அதோட பலம் பன்னீர் வாசம். அந்த வாசம் இளசுலதான் அழகு, வருஷம் போகப் போகப் பறந்துடும். தோல்ல டானினும் கம்மி, அதனால பீப்பாயில காத்திருக்கிற தெம்பு இல்லை. பந்தல்ல நிறைய காய் பிடிக்க விட்டா சாறு கூடும், செறிவு குறையும். வைன் தோட்டக்காரங்க வேணும்னே காயைக் குறைச்சு, கம்பியில படர விட்டு வளர்ப்பாங்க. நந்தி மலைப் பக்கம் உயரமான இடம், ராத்திரி நல்லா குளிரும், பழத்துல புளிப்பு தங்கும். கோவை கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கு. ஆக, பன்னீர்ப் பழத்துல ஜோரா செய்யக்கூடியது சீக்கிரம் குடிக்கிற, லேசா இனிக்கிற ரகம். நம்ம பக்கம் யாராவது அதை ஒழுங்கா செஞ்சு வித்தா வாங்க ஆள் இருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

உடனே வீட்டுல குடம் எடுத்துடாதீங்க! தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாம தயாரிச்சா குற்றம். குடிக்கிறதுக்கும் 21 வயசு ஆகியிருக்கணும். `ரெட் வைன் இதயத்துக்கு நல்லது'ங்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் நம்பாதீங்க. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லயே சொல்லிடுச்சு.

கல்யாண நாளுக்கு அன்னிக்கு என்னதான் பண்ணீங்கன்னு கேக்கறீங்களா? அத்தை நாலு கிலோ பன்னீர்ப் பழம் வாங்கி ஜூஸ் போட்டாங்க. மாமா ரெண்டு டம்ளர் குடிச்சார். காலி பாட்டிலைக் கழுவி மறுபடியும் ஷோகேஸ்லயே வெச்சிருக்கார், இப்பவும் நிக்க வெச்சுத்தான்.